பூட்டுப் புதிர்: 738 இல்லாமல் திறக்குமா, திறக்காதா?

கணக்கு_மணி:
வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வரும் மூன்று இலக்கப் பூட்டுப் புதிர், தெரியாதவர்களுக்காக:

682 – ஒரு எண் சரி, இடமும் சரி
614 – ஒரு எண் சரி, இடம் தவறு
206 – இரண்டு எண் சரி, இரண்டும் இடம் தவறு
738 – எதுவும் சரியில்லை
780 – ஒரு எண் சரி, இடம் தவறு

விடை 042. இதற்கு உயிர்நாடியே 738தான். அந்த வரியை எடுத்துவிட்டால் யார் வந்தாலும் பூட்டு திறக்காது. எங்கள் கோச்சிங் வகுப்பில் முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுப்போம்.

கறார்பேர்வழி:
இதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை. காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு இதையா சொல்லித் தருகிறீர்கள்? 738 தேவையே இல்லை. 780-உம் தேவையில்லை. முதல் மூன்று வரி போதும்.

6 சரியான எண் என்றால், முதல் வரிப்படி அது முதலிடத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது வரியிலும் 6 முதலிடத்தில்தான் நிற்கிறது, ஆனால் அங்கே இடம் தவறு. ஆக 6 கிடையாது. 206-இல் இரண்டு எண் சரி. 6 போனால் மிச்சம் 2, 0 இரண்டும்தான். 2 உண்டு என்றால் முதல் வரிப்படி அதன் இடம் கடைசி. 0 நடுவில் வரக்கூடாது, கடைசி இடமும் போயாச்சு, ஆக முதலிடம். நடுவில் 1 அல்லது 4. 614-இல் 1 நடுவில் இருந்தும் இடம் தவறு என்கிறார்கள், அதனால் 1 வராது. 042.

738-ஐ எங்கே தொட்டேன்? காட்டுங்கள்.

கணக்கு_மணி:
8-ஐ நைசாக விட்டுவிட்டீர்கள். 682-இல் 8-உம் இருக்கிறதே. 738 இல்லாமல் 8-ஐ எப்படித் தள்ளுவீர்கள்?

கறார்பேர்வழி:
682-இல் ஒரு எண்தான் சரி. அது 2 என்று ஆகிவிட்ட பிறகு 8-க்கு அங்கே என்ன வேலை?

அல்லிராணி:
ஒரு நிமிஷம். ‘ஒரு எண் சரி’ என்றால் ஒன்றே ஒன்றா, குறைந்தது ஒன்றா? அதை முதலில் பேசி முடித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாமே.

கணக்கு_மணி:
அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் மேடம். என் கேள்வி 8. 738 இல்லாமல் 8 எப்படிப் போகும்?

கறார்பேர்வழி:
பதில் மேலே இருக்கிறது. படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

திண்டுக்கல்_குசும்பன்:
இந்த நம்பர் லாக்கெல்லாம் ஒரு பூட்டா? மூன்று சக்கரம், 000 முதல் 999 வரை மொத்தமே ஆயிரம். இரண்டு நொடிக்கு ஒன்று என்று திருகிக்கொண்டே வந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் தானே திறக்கும். எங்கள் ஊர் மாங்காய்ப் பூட்டை அப்படித் திறந்து காட்டுங்கள் பார்ப்போம். 2019-இல் புவிசார் குறியீடே வாங்கியாச்சு.

போட்டித்தேர்வன்:
எனக்கு வேறொரு சந்தேகம். 042 மூன்று இலக்க எண்ணே இல்லையே. அது வெறும் 42. மூன்று இலக்க எண் 100-இல்தான் தொடங்கும். புதிரே தப்பு.

கறார்பேர்வழி:
சூட்கேஸ் பூட்டைப் பார்த்ததே இல்லையா? புதிதாக வாங்கும்போது பெரும்பாலும் 000-இல்தான் இருக்கும். ஒவ்வொரு சக்கரத்திலும் 0 முதல் 9 வரை உண்டு. முதலிடத்தில் 0 வராது என்றால் இந்த ஐந்து வரிக்கும் விடையே கிடையாது. போட்டுப் பாருங்கள்.

போட்டித்தேர்வன்:
நான் கணக்கைப் பற்றிக் கேட்டேன், சூட்கேஸைப் பற்றிக் கேட்கவில்லை. தேர்வில் இப்படி எழுதினால் மார்க் போடமாட்டார்கள்.

திண்டுக்கல்_குசும்பன்:
சூட்கேஸ் பூட்டை ஒரு ஹேர்பின் போதும் தம்பி.

கணக்கு_மணி:
பேச்சை மாற்றாதீர்கள். நான் கணக்கோடு வருகிறேன். ஆயிரம் விடைகளில் 7, 3, 8 மூன்றும் இல்லாதவை 7×7×7, அதாவது 343. ஆக 738 என்ற ஒரே வரி ஒரே அடியில் 657 விடைகளை ஒழிக்கிறது! இதைத் தேவையில்லை என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கறார்பேர்வழி:
657-ஐ ஒழிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? முதல் மூன்று வரியிலேயே 042-ஐத் தவிர எல்லாம் போய்விட்டது. அப்புறம் ஒழிப்பதற்கு என்ன இருக்கிறது? எந்த வரி உயிர்நாடி என்று பார்க்க வேண்டுமானால் அதை எடுத்துப் பார்க்க வேண்டும். 206-ஐ எடுங்கள். மீதி நான்கு வரிக்கும் 042, 102, 402 மூன்றும் பொருந்தும். உங்கள் 738 உள்ளேதானே இருக்கிறது? ஏன் அதனால் பூட்டைத் திறக்க முடியவில்லை? 614-ஐ எடுத்தால் 052, 092 எல்லாம் வந்து நிற்கும். 682-ஐ எடுத்தால் 021, 065, 069 வரும். 738-ஐ எடுத்தால்? ஒன்றும் ஆகாது. 780-ஐயும் சேர்த்து எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. இதற்கு ஒரு வரி பதில் சொல்லுங்கள்.

கணக்கு_மணி:
இவ்வளவு எழுதியும் 8-க்கு நேரான பதில் வரவில்லை என்பதை எல்லாரும் கவனிக்கவும்.

அல்லிராணி:
நான் கேட்டதற்கும்தான் யாரும் பதில் சொல்லவில்லை. இந்த வகைப் புதிருக்கெல்லாம் பெரியண்ணன், ஒருவர் மறைத்து வைத்த நிற வரிசையை இன்னொருவர் ஊகிக்கும் மாஸ்டர்மைண்ட் விளையாட்டு. நான்கு இடம், ஆறு நிறம், மொத்தம் 1296 வாய்ப்பு. ஐந்து முயற்சிக்குள் எதையும் கண்டுபிடிக்கலாம் என்று 1977-இல் கணினி அறிஞர் டொனால்டு நூத் காட்டினார். அதில் எத்தனை சரி, எத்தனை இடம் மாறியது என்று கறாராக எண்ணிச் சொல்வார்கள். அதனால்தான் சண்டை வருவதில்லை.

கறார்பேர்வழி:
நூத் வரைக்கும் போக வேண்டியதில்லை அல்லிராணி. இங்கே ஒருவருக்கு மூன்று வரியே ஏறவில்லை. போன மாதம் 6÷2(1+2) இழையிலும் இவர் இப்படித்தான். விடை 1 என்று ராத்திரி முழுக்க அடம்பிடித்தார்.

கணக்கு_மணி:
ஓ, அந்தக் கோபமா இது! அதில் விடை 1தான். இன்றைக்கும் சொல்கிறேன்.

போட்டித்தேர்வன்:
9.

கணக்கு_மணி:
முதலில் 042 எத்தனை இலக்கம் என்று தெரிந்துகொண்டு வாருங்கள் தம்பி.

போட்டித்தேர்வன்:
இரண்டு இலக்கம். அதையேதான் நானும் சொல்கிறேன்.

திண்டுக்கல்_குசும்பன்:
எங்கள் ஊர்ப் பூட்டில் இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. சாவி இருந்தால் திறக்கும்.

கறார்பேர்வழி:
மணி சார், கடைசியாக ஒரு முறை. 8 நடுவில் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் முதல் வரியில் சரியான எண் 8 ஒன்றுதான். 6-உம் இல்லை, 2-உம் இல்லை. அப்போது 206-இல் மிச்சம் 0 மட்டும்தான். அங்கே இரண்டு எண் சரி என்று போட்டிருக்கிறது. இரண்டாவதை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? 8 போய்விட்டது, 738-ஐ நான் தொடவே இல்லை. இதை நாளைக்கு உங்கள் வகுப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். பிள்ளைகளே சொல்லட்டும்.

கணக்கு_மணி:
என் வகுப்பில் என்ன எழுத வேண்டும் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. நாளைக்கும் 738-இல்தான் தொடங்குவேன்.

கறார்பேர்வழி:
206-ஐ எடுத்தால் மூன்று விடை வருகிறதே, அதற்குப் பதில்?

கணக்கு_மணி:
8-க்குப் பதில்?