அப்டைக்கின் ராபிட்: முதல் நாவலோடு நிறுத்திவிடலாமா?

மொட்டைமாடி:
அமெரிக்க நாவலாசிரியர் ஜான் அப்டைக்கின் ‘ராபிட், ரன்’ நேற்றுதான் முடித்தேன். ராபிட் என்பது கதாநாயகனின் பட்டப்பெயர். பள்ளியில் கூடைப்பந்தில் கொடிகட்டிப் பறந்தவன் இருபத்தாறு வயதில் கடைகளில் நின்று காய்கறித் தோல் சீவும் கருவி விற்கிறான், கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டு ஒரு ராத்திரி காரை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். கைக்குழந்தை மூழ்கிச் சாகும் அந்தக் குளியல் தொட்டிப் பகுதியைப் படித்துவிட்டு இரண்டு நாள் புத்தகத்தையே தொடவில்லை. எழுத்து பிரமாதம்தான், ஆள்தான் தாங்க முடியவில்லை. இன்னும் மூன்று நாவல் இருக்கிறதாமே?

பழையபேப்பர்:
நிறுத்தாதீர்கள். 1960, 1971, 1981, 1990 என்று ஏறக்குறைய பத்து வருஷத்துக்கொரு தடவை அவனை எட்டிப் பார்த்து எழுதியிருக்கிறார். இரண்டாவதில் அச்சகத்தில் லினோடைப் என்ற எழுத்துக் கோக்கும் இயந்திரம் ஓட்டுகிறான், அந்த வேலையும் போய்விடுகிறது. மூன்றாவதில் மாமனார் ஆரம்பித்த டொயோட்டா ஷோரூமில் தொப்பையோடு நின்றுகொண்டு, 1979 பெட்ரோல் தட்டுப்பாட்டில் ஊரே அல்லாடுவதை வேடிக்கை பார்க்கிறான். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அரைத்தூக்கம்:
புலிட்சர் கிடக்கட்டும். குளியல் தொட்டிப் பகுதி மனைவி ஜானிஸின் மண்டைக்குள் நடக்கிறது, கவனித்தீர்களா? குடிபோதை, பயம், கணவன் திரும்ப வருவானா என்ற தவிப்பு எல்லாம் அவளுடையது. அப்படி எழுதத் தெரிந்த மனுஷன் மற்ற இடங்களில் பெண்களை உடம்பாகவே பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அதுதான் எனக்குக் கோபம்.

தாழ்வாரம்:
அவருக்குத் தன் உடம்போடும் தீராத சண்டை. சின்ன வயதிலிருந்தே சொரியாசிஸ் என்ற தோல் நோய், கூடவே திக்குவாய். 1957இல் நியூயார்க்கர் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு மாசசூசெட்ஸில் இப்ஸ்விச் என்ற கடலோர ஊருக்குக் குடிபோனார். வெயிலில் கிடந்தால் தோல் தேறும் என்பதும் அதற்கு ஒரு காரணம். அங்கே ஓர் உணவகத்துக்கு மேலே அறை எடுத்து, ஆபீஸ் போகிற மாதிரி தினமும் போய் எழுதினார், கீழேயிருந்து சமையல் வாசனை வந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்வேன். 2009இல் இறக்கும்வரை கிட்டத்தட்ட வருஷத்துக்கு ஒரு புத்தகம். 1989இல் வந்த நினைவுக் குறிப்புகளில் தோலைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது, நாவல் சலித்தால் அதைப் படியுங்கள்.

மொட்டைமாடி:
சரி, இரண்டாவதைத் தாண்டி நேரே டொயோட்டாவுக்குப் போய்விடவா?

பழையபேப்பர்:
ஐயோ, வேண்டாம். வீடு எரிவது இரண்டாவதில்தான். அந்த நெருப்பில் செத்துப்போன பெண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் பின்னால் மகன் நெல்சன் அப்பனைக் குத்திக்கொண்டே இருப்பான், அது தெரியாவிட்டால் மூன்றாவதில் பாதி சண்டை புரியாது.