வெட்டிய புல்வெளியிலும் கால்வாய் ஓரத்திலும் கோரை: ஒரே இனமா, வேறா?

கேள்வி – பசுந்தடம்

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் 2011இல் ரயில் ஓட்டம் நின்றுபோன பழைய ரயில் பாதையில், புக்கிட் தீமா பக்கமாக நடக்கும்போது கோரைகளைக் கவனித்து வருகிறேன். வெட்டிய புல்வெளியில் நான்கு விரற்கடை உயரத்தில் பச்சை உருண்டைத் தலையோடு ஒன்று நிற்கிறது. சற்றுத் தள்ளிக் கால்வாய் ஓரத்தில் அதே பச்சைத் தலையோடு முழங்கால் உயரத்துக்கு மேல் வளர்ந்த செடிகள் இருக்கின்றன. இடையிடையே வெள்ளைத் தலையுள்ளவையும் உண்டு. இவை ஓரினத்தின் இயல்பான வேறுபாடுகளா, தனித்தனி இனங்களா என்பதைக் களத்திலேயே எப்படி முடிவு செய்வது?

பதில் – கோரைக்கண்

உயரம், இலையின் அகலம், தலையின் பருமன் ஆகியவை ஈரம், வெயில், புல்வெட்டும் இயந்திரம் ஆகியவற்றுக்கு ஏற்ப மாறுபவை. அடிக்கடி வெட்டப்படும் செடி குள்ளமாகவே பூக்கும். ஆகவே அவற்றை வைத்து இனம் பிரிக்க வேண்டாம்.

நீங்கள் சொல்லும் உருண்டைத் தலைகள், கோரைக் குடும்பத்தில் கில்லிங்கா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்று போதும். பூத்த தலையிலிருந்து ஒரு சிறுகதிரை, அதாவது தலையில் நெருக்கமாக அடுக்கியிருக்கும் சின்னஞ்சிறு கதிர்களில் ஒன்றை, பிரித்து வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். கில்லிங்காவில் சூல்முடி (பூவில் மகரந்தத்தை ஏற்கும் நுனி) இரண்டாகப் பிரிந்திருக்கும். விதைமணி பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். சாதாரணக் கோரைக்கிழங்குச் செடியில் சூல்முடி மூன்றாகப் பிரியும். மணி முப்பட்டையாக இருக்கும். இவை வெட்டினாலும் நிழலில் வளர்ந்தாலும் மாறாதவை என்பதால் நான் முதலில் நம்புவது இவற்றைத்தான்.

அடுத்து, சிறுகதிரை மூடும் செதிலின் நடு முகட்டைப் பாருங்கள். வெள்ளைத் தலையுள்ள கில்லிங்கா நெமோராலிஸில் அம்முகட்டின்மேல் மெல்லிய சிறகு போன்ற விளிம்பு எழுந்து, அதன் ஓரம் நுண்பற்களோடு தெரியும். பச்சைத் தலையுள்ள கில்லிங்கா பிரெவிஃபோலியாவில் அந்தச் சிறகு இராது. முதிர்ந்த தலைகள் எந்த இனத்திலும் பழுப்பாகிவிடும். அப்போது நிறம் கைகொடுக்காது, சிறகு கைகொடுக்கும்.

கால்வாய் ஓரச் செடிகளில், தலைக்குக் கீழே விரிந்திருக்கும் இலை போன்ற பூவடிச் செதில்களை எண்ணுங்கள். பிரெவிஃபோலியாவில் அவை பெரும்பாலும் 3 அல்லது 4. ஐந்துக்கும் மேல் இருந்து, மண்ணுக்குள் ஓடும் வேர்த்தண்டும் தடித்திருந்தால், ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இங்கே பரவிவிட்ட கில்லிங்கா பாலிஃபில்லாவாக அது இருக்கக்கூடும்.

பதில் – மழைக்காட்டு நடை

கோரைக்கண் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இவற்றில் பல, மண்ணுக்குள் ஓடும் வேர்த்தண்டால் பரவுபவை. ஒரே திட்டில் நிற்கும் ஐம்பது தண்டுகளும் ஒரே செடியாக இருக்கலாம்; அவற்றை ஐம்பது சான்றுகளாகக் கொண்டால் வேறுபாட்டின் அளவு தவறாகவே தெரியும். நம் வீடுகளில் குளியல் பொடிக்குச் சேர்க்கும் கோரைக்கிழங்கும் அப்படிக் கிழங்குச் சங்கிலியாகப் பரவுவதுதான். எனவே ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள திட்டுகளிலிருந்து பாருங்கள். குள்ளச் செடியிலிருந்து நெடிய செடி வரை உயரம் படிப்படியாக ஏறி, செதில், சூல்முடி, மணி மூன்றும் மாறாமலிருந்தால் அது ஓரினத்துக்குள் நிகழும் வேறுபாடே.

பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றிச் செடி பறிக்கக் கூடாது. அங்கே செடியிலிருந்து பிரிக்காமலே வில்லையைத் தலைக்கு அருகில் கொண்டுசென்று பாருங்கள். முழுச் செடி, பூவடிச் செதில், அருகில் எடுத்த தலை எனத் தனித்தனிப் படங்களும் எடுங்கள். பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், உள்ள உலர்தாவரக் காப்பகத்தில் பல காலத்து மாதிரிகள் இருக்கின்றன. ஐயம் தீராதவற்றை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பசுந்தடம்

மிக்க நன்றி. கால்வாய் ஓரச் செடிகளில் பூவடிச் செதில் ஆறு, ஏழு என இருக்கிறது. மழை மண்ணை அரித்த இடத்தில் தடித்த, செவ்வூதாச் செதில் மூடிய வேர்த்தண்டும் தெரிகிறது. குள்ளச் செடிகளில் மூன்றுதான்.

கோரைக்கண்

அப்படியானால் நெடியது பாலிஃபில்லா என்றே கருதலாம். குள்ளமானதை உறுதி செய்ய, வேலியடி போல இயந்திரம் எட்டாத மூலையில் அதே செடி வளர்ந்திருக்கிறதா என்று தேடுங்கள். வெட்டுப்படாமல் நீண்டு வளர்ந்த நிலையிலும் பூவடிச் செதில் மூன்று, நான்கைத் தாண்டாமலும் செதில் முகட்டில் சிறகு இல்லாமலும் இருந்தால் அது பிரெவிஃபோலியாதான்.