குளத்துக்கு எந்த வடிவம்?

கவிதா: எல்லோரும் பாருங்கள். பின்பக்க நீச்சல் குளத்துக்கு நாளைக்குள் வடிவம் சொல்ல வேண்டும். எனக்கு முந்திரிப் பருப்பு போல வளைந்ததுதான் பிடித்திருக்கிறது.

செந்தில்: அழகுதான். கலிபோர்னியாவில் தோட்ட வடிவமைப்பாளர் தாமஸ் சர்ச் 1948-ல் டானல் தோட்டத்தில் அமைத்த குளம் அப்படித்தான் இருக்கும், படம் தேடிப் பார். ஆனால் நீ தினமும் நீந்தத்தானே கேட்கிறாய்? வளைவில் நேராக நீந்த முடியாதே.

கவிதா: செவ்வகம் வெறும் தொட்டி மாதிரி ஆகிவிடாதா அண்ணா?

செந்தில்: அளவை மாற்றிப் பார். 8 மீட்டருக்கு 4 மீட்டர், சராசரி ஆழம் 1.4 மீட்டர் என்றால் ஏறக்குறைய 45,000 லிட்டர். அதையே 10-க்கு 3 ஆக்கினால் 42,000 லிட்டர்தான். தண்ணீரும் குறைவு, நீந்த 2 மீட்டர் கூடுதல்.

ரகு சித்தப்பா: உள்மூலைகளை உருட்டிக் கட்டச் சொல் கவிதா. கூர் மூலையில் தண்ணீர் சுற்றாமல் நிற்கும், தூசியும் பாசியும் அங்கேதான் சேரும். வளைந்த குளத்திலும் உள்ளடங்கிய பக்கத்தில் இதே தொல்லை வரலாம். வடிகட்டிய தண்ணீர் திரும்பி வரும் குழாய் வாய்களைச் சரியான திசையில் வைக்க வேண்டும். அப்புறம், தானாக இழுத்து மூடும் உறை செவ்வகத்துக்குத்தான் சுலபமாகப் பொருந்தும்.

மீனா: எல் வடிவம் எப்படி? சின்னப் பிள்ளைகளுக்கு ஆழமில்லாத பகுதி தனியாக இருக்குமே.

அம்மா: அடுப்படி ஜன்னலில் நின்றால் அந்த மடக்கு தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

ரகு சித்தப்பா: அண்ணி சொல்வதுதான் முதலில் பார்க்க வேண்டியது. கவிதா, செடிக்குத் தண்ணீர் விடும் குழாயைத் தரையில் அந்த வடிவத்தில் வளைத்துப் போட்டு, நகராமல் செங்கல் வை. ஜன்னலில் நின்று பார்.

கவிதா: போட்டுப் பார்த்தேன் சித்தப்பா. எல் வடிவத்தில் பிள்ளைகள் நிற்கும் பகுதி முழுக்கச் சுவர் மறைவுக்குப் போய்விடுகிறது. முந்திரி வடிவத்திலும் ஒரு ஓரம் தெரியவில்லை. செவ்வகம் முழுதாகத் தெரிகிறது.

மீனா: சரி, அப்படியென்றால் எல் வேண்டாம். உறை போட்டாலும் சுற்றி வேலி கட்டாயம் கவிதா. கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும்.

கவிதா: கட்டாயம் அண்ணி. 10-க்கு 3 செவ்வகம், ஆழமில்லாத முனை ஜன்னல் பக்கம், படி ஒரு மூலையில். வளைவு ஆசையைச் சுற்றிலும் போடும் செடிப்பாத்தியில் தீர்த்துக்கொள்கிறேன்.

அம்மா: நல்லது. வேலியின் கம்பி இடைவெளியில் பிள்ளை நுழைய முடியாதபடி பார்த்துச் சொல்.