எடை மாறவில்லை, ஆள் தேய்ந்துகொண்டே போனார்

72 வயதுப் பெரியவர், வாரம் மூன்று டயாலிசிஸ். ட்ரை வெயிட், அதாவது மிகை நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை, மூன்று மாதமாக 58 கிலோவிலேயே நின்றதால் யாரும் கவலைப்படவில்லை. ஒருநாள் கையைத் தூக்கினார், மணிக்கட்டில் இருந்த கடிகாரம் நழுவி முழங்கை வரை ஓடியது. தசை கரைந்த இடத்தில் நீர் நிரம்பியிருக்கிறது, தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். ராத்திரி படுத்தால் மூச்சு முட்டியதும் அதனால்தான். ரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது தசையிலிருந்து வரும் கழிவு, 9-லிருந்து 6-க்கு இறங்கியதைப் பார்த்து வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். சிறுநீரே வராதவருக்கு அது தசை போனதன் அடையாளம். ட்ரை வெயிட்டை அரை அரை கிலோவாக 55-க்குக் கொண்டுவந்த பிறகுதான் தூங்கினார்.

பதில்:
குறைத்தது சரி. ஆனால் அவசரப்பட்டால் ஆபத்து. ஒரு மணி நேரத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 13 மில்லிக்கு மேல் நீர் இழுக்கக் கூடாது. 55 கிலோவுக்கு 4 மணி நேரத்தில் 2,860 மில்லிதான். உடம்பில் அதற்கு மேல் நீர் ஏறியிருந்தால் டயாலிசிஸ் நேரத்தைக் கூட்டுங்கள். ஒரு அம்மா டயாலிசிஸ் முடிந்து ஊசி எடுத்ததும் சட்டென எழுந்தார். படுக்கையில் 140 இருந்த பிரஷர் நின்றதும் 104. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. காலைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் உட்கார வைத்து, நிற்க வைத்து 1, 3-ஆம் நிமிடங்களில் பிரஷர் பாருங்கள். 20 இறங்கினால் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

பதில்:
இருவரும் நீரையே பேசுகிறீர்கள், மாத்திரையை யார் பார்ப்பது? டயாலிசிஸில் இருக்கும் ஒருவருக்குக் கால் எரிச்சலுக்கு கபாபென்டின் 300 மில்லிகிராம், தினம் மூன்று வேளை. டம்ளர் கையிலிருந்து துள்ளி விழுகிறது, உட்கார்ந்தபடியே தூங்குகிறார். "வயசாயிடுச்சு" என்றார்கள். அந்த மருந்து வெளியேற சிறுநீரகம் ஒன்றுதான் வழி. அது இல்லாதபோது உடம்பிலேயே தங்கிவிடும். மருத்துவர் அதை டயாலிசிஸ் முடிந்த பிறகு மட்டும் 100 என்று மாற்றினார். சில முறைக்குள் தெளிந்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒருமுறை, டயாலிசிஸுக்கு முன்பு, கைகளை மார்பில் கட்டி ஐந்து முறை நாற்காலியிலிருந்து எழச் சொல்லுங்கள். முடிந்த பிறகு சோதித்தால் களைப்பைத்தான் அளப்பீர்கள். 15 வினாடிக்கு மேல் போனால் கால் பலம் குறைகிறது. ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறுமென்று பயந்து புரதத்தை வெட்டாதீர்கள், உடல் எடையில் கிலோவுக்கு தினம் 1 முதல் 1.2 கிராம் வேண்டும். கால் பயிற்சியை டயாலிசிஸின் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள், பிறகு பிரஷர் இறங்கும்.