புதுப்பிப்பு: ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் லேசான பெல்லட்டால் குறி சிதறியது – தீர்ந்தது

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. பிரச்சினை இதுதான்: குழல் மடியும் 4.5 மி.மீ. ஸ்பிரிங் ரைஃபிளில் 0.34 கிராம் அலாய் (ஈயமில்லாத உலோகக் கலவை) பெல்லட், அதாவது சிறு குண்டு, போட்டால் 10 மீட்டரில் குறி சிதறியது. படாரென்று சத்தம் வேறு.

ஸ்டாக் (ரைஃபிளின் கட்டை) திருகுகளை இறுக்கியும் மாற்றமில்லை. பிரீச் சீல் (குழல் மடியும் இடத்தில் காற்றை அடைக்கும் வளையம்) கசிகிறதா என்று பார்க்க, குழல் மடியும் இடுக்கின்மேல் டிஷ்யூ துண்டு வைத்துச் சுட்டேன். அசையவே இல்லை, சீல் நன்றாக இருக்கிறது.

பலித்தது ‘எடையைக் கூட்டுங்க’ என்ற யோசனை. 0.53 கிராம் தட்டைமூக்கு ஈய பெல்லட்டுக்கு மாறிய பிறகு குறிகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. லேசான பெல்லட் முந்தியே நகர்ந்துவிடுவதால் ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனைத் தாங்கும் காற்றழுத்தம் போதாது. பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் மோதும். அதிர்வு அதனால்தான். ஸ்பிரிங்கும் சீக்கிரம் போகும்.

எதிர்பாராத ஒன்று: மாற்றிய உடனே சரியாகவில்லை. குழலில் ஈயம் படியும்வரை குறி அலைந்தது, அதற்குள் குறிபார்க்கும் சைட்டைத் திருகிக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஈய பெல்லட்டிலும் சத்தமும் புகையும் வந்தால் உள்ளே எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். சிலிண்டரிலிருந்து குழலுக்குக் காற்று போகும் துளையில் எண்ணெய் விடவே வேண்டாம். ஈயம் தொட்ட கையோடு டீ கிளாஸை எடுக்காதீங்க.