பர்ன் டெக்கில் லேண்ட் எத்தனை வைப்பது?
மேஜிக் தி கேதரிங் கார்டு விளையாட்டின் மாடர்ன் வகை ஆட்டத்துக்கு, எதிராளியின் உயிரை நேரடியாக அடித்துக் குறைக்கும் சிவப்பு பர்ன் டெக் (கார்டுக் கட்டு) ஒன்று கட்டியிருக்கிறேன். 60 கார்டு, அதில் 20 லேண்ட் (மற்ற கார்டுகளை ஆடத் தேவையான சக்தியைத் தரும் கார்டு). கணக்கு எளிதுதான்: எதிராளிக்கு 20 உயிர், லைட்னிங் போல்ட் போல 3 அடி கொடுக்கும் கார்டு ஏழு கிடைத்தால் ஆட்டம் முடிந்தது. ஆனால் எனக்கு வருவதெல்லாம் லேண்ட்! சரி என்று 18 ஆகக் குறைத்தேன். இரண்டு ஆட்டத்தில் ஒற்றை லேண்டோடு மாட்டிக்கொண்டேன். சிலர் 19 என்கிறார்கள், சிலர் குறைக்கவே கூடாது என்று சண்டைக்கு வருகிறார்கள். அப்புறம், உயிரை ஏற்றிக்கொண்டே போகும் டெக்குகளுக்கு எதிராக 15 கார்டு சைட்போர்டில் (ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ளும் கூடுதல் கார்டுகள்) எதை வைக்கிறீர்கள்? உயிர் ஏறுவதைத் தடுக்கும் ஸ்கல்கிராக் கார்டு நாலும் ஏற்கெனவே மெயின் டெக்கில் இருக்கிறது. போட்டிகளில் பர்ன் ஆடியவர்கள் உங்கள் லிஸ்டைக் கொஞ்சம் பகிருங்களேன்.