வரி ஏறியதாம், வாடகையில் 400 சிங்கப்பூர் வெள்ளி கூட்டினாராம்!

ஜூரோங்வாசி: நேற்று இங்கே ஒருவர், "பொருளாதாரம் சரியில்லைதான், ஆனால் சொத்து வரி ஏறிவிட்டதே, அதனால் வாடகையில் மாதம் 400 கூட்டினேன்" என்று எழுதியிருந்தார். வயிறு எரிகிறது. வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீட்டை முழுதாக வாடகைக்கு விட்டால், ஆண்டு மதிப்பில், அதாவது வீட்டுக்கு ஒரு வருடத்தில் கிடைக்கக்கூடிய வாடகை என்று அரசு போடும் கணக்கில், முதல் 30,000 வெள்ளிக்கு 2022இல் 10 விழுக்காடு வரி. 2024 முதல் 12. ஆண்டு மதிப்பு 24,000 என்று வைத்தாலும் கூடியது வருடத்துக்கு 480. மாதம் 40 வெள்ளி. மீதி 360 எந்த வரி?

பொங்கோல்_மாமா: எழுதியது நான்தான். ஆண்டு மதிப்பும் ஏறியதே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்?

ஜூரோங்வாசி: ஆண்டு மதிப்பைச் சந்தை வாடகையை வைத்துத்தானே போடுகிறார்கள்? நீங்களெல்லாம் ஏற்றினீர்கள், அது ஏறியது. அது ஏறியதென்று மறுபடி ஏற்றுகிறீர்கள். நல்ல ராட்டினம். 40 வெள்ளிக்குப் பதில் சொல்லுங்கள்.

பொங்கோல்_மாமா: வீட்டுக்கடன் வட்டி யார் கட்டுவது, உங்கள் தாத்தாவா? பொருள் சேவை வரி 7இலிருந்து 9 ஆகிவிட்டது. குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தாலே காசு. முதலில் சொந்த வீடு வாங்குங்கள் தம்பி, அப்புறம் பேசலாம்.

ஜூரோங்வாசி: நேற்று வரி, இன்று வட்டி, நாளைக்குக் குழாயா? 40!

தேக்கா_அக்கா: நானும் வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது ஒரு காசு ஏற்றவில்லை. 3,000 வெள்ளி வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால், புது ஆளிடம் 400 கூட்டி வாங்கினாலும் அதை ஈடுகட்ட ஏழெட்டு மாதம். ஏஜெண்ட் கமிஷன் தனி.

பொங்கோல்_மாமா: அக்காவின் தாராளம் ஊரறிந்தது. ஏர்கான் ஒழுகிச் சுவர் ஊறியபோது இங்கே வந்து புலம்பியது யார்? அதே வாடகைக்காரர்தானே?

தேக்கா_அக்கா: மூன்று மாதத்துக்கொரு முறை சர்வீஸ் செய்தார். ஒழுகியது பழைய குழாயால். தெரியாமல் பேசாதீர்கள்.

புதுக்குடித்தனம்: "இந்தியர் வேண்டாம், சமையல் கூடாது" என்றே பல இடத்தில் கதவைச் சாத்துகிறார்கள். நம்மவர் வீடு கிடைத்ததே என்று கேட்டதைக் கொடுக்கிறோம். அது தெரிந்துதான் ஏற்றுகிறார்கள்.

பொங்கோல்_மாமா: நம்மவர் என்றால் தள்ளுபடியா? போன குடித்தனம் காலி செய்தபோது அடுப்புக்கு மேல் எண்ணெய்ப் பிசுக்கு விரல் கனத்துக்கு. சுரண்டியது நான்.

ஜூரோங்வாசி: பிசுக்குக்கும் வரி போட்டார்களா மாமா?

பொங்கோல்_மாமா: ஒப்பந்தம் முடிந்தது. இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் வேறு வீடு பார்க்கட்டும். உம்மிடம் கணக்கு காட்ட நான் என்ன உம் வாடகைக்காரனா?

ஜூரோங்வாசி: 40 வெள்ளிக்கு இன்னும் பதில் வரவில்லை.

தேக்கா_அக்கா: ஏர்கான் சர்வீஸ் ரசீது எல்லாம் என்னிடம் இருக்கிறது. படமெடுத்துப் போடவா?